இதமான ஒலிக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்?

விருத்தாசலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுக்கு ஸ்டீரியோ செட் அமைக்க நினைக்கும் இசை அன்பர்களுக்கு,



ஒலியில் இதம் என்று காது உணர்வது இரண்டு விஷயங்களின் சேர்க்கை. 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் நிறைவாக இருக்க வேண்டும். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி அடங்கி இருக்க வேண்டும். ஆண்குரலின் கனமும் வீணையின் மந்தரத் தந்தியும் முதல் பகுதியைச் சேர்ந்தவை. இரண்டாம் பகுதியில் மனிதக் காது மிகக் கூர்மையானது. நாகஸ்வரச் சீவாளியின் காரம், வயலின் வில்லின் உரசல், உச்சஸ்தாயியில் குரலெடுக்கும்போது வரும் வீச்சு எல்லாம் அங்கே குவிகின்றன. இவ்விரண்டின் விகிதம் ஒன்றிரண்டு டெசிபல் மாறினாலே ஒரே பாட்டு கனிந்தும் கேட்கும், காய்ந்தும் கேட்கும். ஆனால் ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப்ளிஃபையருக்கு இந்த விகிதத்தை மாற்றும் வேலை கிடையாது. வந்ததை வந்தபடியே பெரிதாக்கித் தருவதுதான் அதன் தொழில். ஆகவே இதம் வேண்டும் என்று கடைக்குப் போகிறவர், அந்த இதம் எங்கிருந்து வரப்போகிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் கொட்டும் பணம் பெரும்பாலும் வீண்.

அறுபது வயதைக் கடந்த தமிழர்களின் காதில் இதத்துக்கு அளவுகோல் வால்வு ரேடியோ. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் பெட்டிகளில் 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியும், கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியும் ஒலித்த காலம் அது. மத்திய அலையில் நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான் உண்டு. அதனால் செட்டில் கேட்ட ஒலி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேல் இருந்ததெல்லாம் வெட்டுப்பட்டது. பெட்டிக்குள் ஒரே ஒரு காகிதக் கூம்பு ஸ்பீக்கர். பின்புறம் திறந்த மரப்பெட்டி வேறு சேர்ந்து அதிரும். அந்த இதத்தில் வால்வின் பங்கு சிறிது. வெட்டுப்பட்ட உச்சத்துக்கும் மரப்பெட்டிக்கும் உரிய பங்கே பெரிது. இன்று அதே பழைய பாடல்களின் சில மறுவெளியீடுகளில் உச்ச அதிர்வெண்களைத் தூக்கி, எதிரொலியும் சேர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிரதியை எவ்வளவு விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபையரில் போட்டாலும் திருச்சி வானொலி திரும்பி வராது. ட்ரெபிள் குமிழைச் சற்று இடப்பக்கம் திருப்பினால் பாதி தூரம் வந்துவிடும்.

வால்வுக்கு உண்மையாகவே உள்ள குணம் இரண்டு. முதலாவது, அது சேர்க்கும் மடங்கு நாதங்கள். எந்த ஆம்ப்ளிஃபையரும் உள்ளே வந்த நாதத்தோடு அதன் மடங்குகளைக் கொஞ்சம் கலந்தே தரும். ஷட்ஜம் கொடுத்தால் இரண்டாம் மடங்கு மேல்ஸ்தாயி ஷட்ஜம். மூன்றாம் மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமம். நான்காவது மீண்டும் ஷட்ஜம். ஐந்தாவது அந்தர காந்தாரம். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் ஸ-வும் ப-வும் மட்டும் மீட்டும்போதே காந்தாரம் தானாக எழுவது இதனால்தான். ஏழாம் மடங்கோ எந்த ஸ்வரஸ்தானத்திலும் சரியாக உட்காராது. ஒற்றை ட்ரையோடு வால்வு சேர்ப்பதில் பெரும்பங்கு இரண்டாம் மடங்கு என்பதால் அது ஒரு சதவீதம் இருந்தாலும் இசைக்குள் கரைந்துவிடும், குரலுக்குச் சற்றுச் சதைப்பிடிப்பும் தரும். ட்ரான்சிஸ்டர் வகையில் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு ட்ரான்சிஸ்டர் விட்டு மற்றது பிடிக்கிறது. அந்தக் கைமாற்றத்தில் கீறல் விழுந்தால் 5, 7, 9 என்று உயர்ந்த ஒற்றைப்படை மடங்குகள் கிளம்பும். அது 0.1 சதவீதமே இருந்தாலும் உறுத்தும், மெதுவாக வைத்துக் கேட்கும்போது இன்னும் உறுத்தும். சரியான பயாஸ் மின்னோட்டம் (ஐடில் கரண்ட்) கொடுத்த கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையரில் இந்தக் கீறல் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சூடு குறையட்டும் என்று பயாஸைத் தாழ்த்தி விட்ட செட்டுகளில்தான் ‘ட்ரான்சிஸ்டர் சத்தம்’ என்று பலர் வெறுக்கும் வறட்சி கேட்கிறது. பழைய செட் வாங்குகிறவர்கள் முதலில் மெக்கானிக்கிடம் சொல்லி அளக்க வேண்டியது இந்த ஐடில் கரண்டைத்தான்.

இரண்டாவது குணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் இதத்தில் அதன் பங்கே பெரிது. ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருப்பது ஒரு பேச்சுக்கான சராசரி. வூஃபர் இயல்பாக அதிரும் 70, 80 ஹெர்ட்ஸ் அருகே அதன் இம்பிடன்ஸ் 30 ஓம் வரை ஏறும். 200 ஹெர்ட்ஸ் பக்கம் 6 ஓமுக்கு இறங்கும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடை 0.1 ஓம் போல மிகச் சிறியது. ஸ்பீக்கர் எப்படி ஏறி இறங்கினாலும் அது கொடுக்கும் வோல்டேஜ் அசையாது. ஃபீட்பேக் குறைவாக உள்ள வால்வு ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடை 2 ஓம் என்று வைத்துக்கொண்டால், 6 ஓம் இருக்கும் இடத்தில் ஸ்பீக்கருக்கு முக்கால் பங்கு வோல்டேஜ் மட்டும் கிடைக்கும். 30 ஓம் இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட முழுவதும் கிடைக்கும். டெசிபலில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 2. அதாவது ஆம்ப்ளிஃபையரே பாஸ் குமிழை லேசாகத் திருப்பி வைத்தது மாதிரி. ஆனால் பல ஸ்பீக்கர்களில் வூஃபரும் ட்வீட்டரும் பிரியும் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பகுதியிலும் இம்பிடன்ஸ் மேடு ஒன்று உண்டு. அப்படிப்பட்ட ஸ்பீக்கரோடு சேர்ந்தால் அதே வால்வு ஆம்ப்ளிஃபையர் காரமாகவும் ஒலிக்கும். ஒரு வீட்டில் தேனாகக் கேட்ட செட் இன்னொரு வீட்டில் ஏமாற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1985-இல் அமெரிக்காவில் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையின் சவாலை ஏற்ற பாப் கார்வர் என்ற பொறியாளர், விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தம்முடைய மலிவான ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரால் அப்படியே நகலெடுத்துக் காட்டினார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சுவதைக் கேட்டு, அது மறையும்வரை தமது செட்டின் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டே போனார். கடைசியில் மிஞ்சியது சுமார் 70 டெசிபல் கீழே, அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்திரிகையின் தேர்ந்த காதுகளால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. வால்வின் இதம் அளக்கக்கூடியது, அளந்தால் வேறு வழியிலும் உண்டாக்கக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த வழிகளில் ஒன்று விருத்தாசலத்துக்காரர்களுக்கு மிகப் பழக்கமான பீங்கானால் ஆனது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வெள்ளைக் கட்டி போலக் கிடைக்கும் ‘சிமெண்ட் ரெசிஸ்டர்’ உண்மையில் பீங்கான் கூட்டுக்குள் வைத்த கம்பிச்சுருள். ஃபியூஸ் கட்டைக்கும் இன்சுலேட்டருக்கும் பீங்கானைத் தேர்ந்தெடுக்கும் காரணமே இங்கும்: சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாது. 1 அல்லது 2 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒயரிலும் தொடராக இணைத்தால், சாதாரண ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும் வெளியீட்டு மின்தடை விஷயத்தில் வால்வைப் போலவே நடந்துகொள்ளும். ஒலியளவு சற்றுக் குறையும். ரெசிஸ்டர் சூடாகும் என்பதால் திரைச்சீலைக்கும் விரிப்புக்கும் தள்ளி வைக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கழற்றி எறிந்துவிடலாம். பெரும் பணம் கொடுத்து வால்வு செட் வாங்கும் முன் ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது.

இன்னொரு வழி டோன் கன்ட்ரோல். இன்றும் பெரும்பாலான செட்டுகளில் இருக்கும் பாஸ், ட்ரெபிள் சர்க்யூட்டுக்கு மூலம் பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் வெளியிட்ட வடிவம். விலை கூடிய சில ஆம்ப்ளிஃபையர்களில் தூய்மை என்ற பெயரில் இந்தக் குமிழ்களை எடுத்துவிடுகிறார்கள். இதம் தேடுகிறவர்கள் அவற்றை வாங்கக் கூடாது. குமிழ்கள் தேவைப்படுவதற்கு மற்றொரு காரணம் காதிலேயே இருக்கிறது. ஒலியளவு குறையக் குறையக் காது கீழ் அதிர்வெண்களைக் கேட்கும் திறனை வேகமாக இழக்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். பிள்ளைகள் தூங்கியபின் மெதுவாக வைத்துக் கேட்கும் வீட்டில் பாட்டு மெலிந்து கேட்பது ஆம்ப்ளிஃபையரின் குற்றமில்லை. பழைய செட்டுகளில் ‘லவுட்னஸ்’ என்ற பொத்தானை இதற்காகத்தான் வைத்தார்கள். அந்தப் பொத்தான் உள்ள செட் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

1978-இல் வந்த நாட் 3020, இதமான ஒலிக்கு உலகெங்கும் பெயர்பெற்ற மலிவு ஆம்ப்ளிஃபையர். சானலுக்கு 20 வாட்தான். சக்தி எல்லையைத் தொடும்போது அலையின் தலையைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல வளைக்கும் ‘சாஃப்ட் கிளிப்பிங்’ அமைப்பு அதில் இருந்தது. எல்லையை மிதிக்கும்போது வால்வும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்ளும். டோன் கன்ட்ரோலும் லவுட்னஸும் உண்டு. அதன் வரிசையில் வந்த கிளாஸ் ஏபி வகை இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர்களே இன்றும் ஒரு வீட்டுக்குப் பொருத்தமான தேர்வு. கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற இந்தியத் தயாரிப்புகளில் பழையவை கைமாறி வருவதுண்டு. அவற்றை வாங்கினால் பவர் சப்ளையில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றுவதற்கான செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 10 டிகிரி வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்; கடலூர் மாவட்டத்துக் கோடைகள் பலவற்றைக் கண்ட கெப்பாசிட்டர் வற்றித்தான் இருக்கும். பாஸ் தளர்வதும், அடியில் ‘ம்ம்ம்’ என்ற 100 ஹெர்ட்ஸ் முனகல் கேட்பதும் அதன் அடையாளங்கள்.

எத்தனை வாட் வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் பலர் நினைப்பதைவிடச் சிறியது. 86 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் ஒலி தரும். வீட்டுக் கூடத்தில் அது போதுமான உரப்பு. உரப்பு இரண்டு மடங்காகக் கேட்க வாட் பத்து மடங்காக வேண்டும். 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். தவில் அடியும் மிருதங்கச் சாப்பும் வரும் கணங்களில் வெட்டுப்படாமல் இருக்க 20 முதல் 50 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்ட எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஊர்ப் பட்டறைகளில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருப்பது மகிழ்ச்சிக்குரியது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் போர்டுகளில் 4440 கார் செட்டுக்காகப் பிறந்த சிப். சானலுக்கு 6 வாட், அதைக் கடந்தால் கரகரப்பு. டிடிஏ 2030 சுமார் 14 வாட். எஸ்டிகே 4141 சானலுக்கு 25 வாட். இவை இரண்டும் நல்ல ட்ரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்தால் வீட்டுக்கு நிறைவாகவே பாடும். 5200, 1943 ஜோடி ட்ரான்சிஸ்டர் போட்ட பெரிய போர்டுகள் மேடைக்கு உரியவை. அந்த எண்களில் போலிச் சரக்கு ஏராளம். உள்ளங்கை அளவில் வரும், ‘டிஜிட்டல்’ என்று சொல்லப்படும் கிளாஸ் டி போர்டுகளில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. டிபிஏ 3116 போன்ற சிப்புகளில் வெளியீட்டு ஃபில்ட்டர் ஃபீட்பேக்குக்கு வெளியே நிற்கிறது. 4 ஓமுக்கு அமைத்த ஃபில்ட்டரில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் உச்ச அதிர்வெண்கள் மேலேறி ஒலி கூசும். ‘டிஜிட்டல் ஆம்ப் என்றாலே காய்ந்த சத்தம்’ என்ற குறை பல நேரங்களில் இந்தப் பொருத்தமின்மையால் வருவது.

அசெம்பிள் செட்டில் சின்னச் சின்னப் பீங்கான் வட்டுகளாகத் தெரியும் கெப்பாசிட்டர்களையும் பார்க்க வேண்டும். மலிவு வகைகளின் மூலப்பொருள் பேரியம் டைட்டனேட். அதன் கொள்ளளவு வோல்டேஜுக்குத் தக்கபடி மாறும். தட்டினால் மின்துடிப்பு எழும். பாட்டு செல்லும் பாதையில் அது இருந்தால் திரிபு சேரும். அந்த இடங்களில் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் வகையைப் போடச் சொன்னால் சில ரூபாய்களே கூடும்.

தட்டினால் மின்சாரம் தரும் அதே குணத்தைப் பயன்படுத்தியவைதான் பழைய பெட்டி ரெக்கார்ட் பிளேயர்கள் பலவற்றில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜுகள். பரணிலிருந்து அப்படி ஒன்றை எடுத்து இன்றைய ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் துளையில் செருகினால் ஒலி சோகை பிடித்தது போல வரும். ஊசி கெட்டுவிட்டது என்று எறிந்துவிடக் கூடாது. அந்தக் கார்ட்ரிட்ஜின் உள்கொள்ளளவு சில நூறு பிக்கோஃபாரட்தான். 47 கிலோ ஓம் உள்ளீட்டில் மாட்டினால் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் படிப்படியாகத் தேய்ந்துவிடும். 1 அல்லது 2 மெகா ஓம் உள்ளீடுள்ள ஒரு சிறு ஃபெட் பஃபர் நடுவில் சேர்த்தால் போன இதமெல்லாம் திரும்பும். காந்தக் கார்ட்ரிட்ஜ் உள்ள டர்ன்டேபிளுக்குக் கணக்கு வேறு: அதற்கு ஃபோனோ உள்ளீடு வேண்டும், ஆம்ப்ளிஃபையரில் அது உண்டா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வால்வு செட்டே வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். அதன் ஒளியும் வடிவமும் தரும் இன்பம் இன்பமே. 300பி வால்வு ஒன்று 8 வாட் அளவே தரும்; அதற்கு 90 டெசிபலுக்கு மேல் திறனுள்ள ஸ்பீக்கர் வேண்டும். ஈ.எல். 84 ஜோடி 10 முதல் 15 வாட், ஈ.எல். 34 ஜோடி 30 வாட்டுக்கு மேல். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் செய்தது. இப்போது புதியவை ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியாவிலிருந்து வருகின்றன. வால்வைச் செருகும் பேஸ் பேக்லைட்டில் இல்லாமல் பீங்கானில் இருப்பது நல்லது. 220 வோல்ட்டுக்குச் செய்த செட்டை, இரவில் 250 தொடும் லைனில் நேரடியாக மாட்டினால் வால்வின் ஆயுள் குறையும், ஸ்டெபிலைசர் அவசியம். உள்ளே 300 முதல் 450 வோல்ட் டிசி ஓடுகிறது. சுவிட்சை அணைத்த பின்பும் கெப்பாசிட்டரில் அது தங்கி நிற்கும். பழக்கமில்லாதவர் மூடியைத் திறப்பது உயிருக்கு ஆபத்து. கிளாஸ் ஏ வகையோ, வால்வானாலும் ட்ரான்சிஸ்டரானாலும், பாட்டு ஓடாதபோதும் முழு மின்சாரம் இழுத்து அறையைச் சூடாக்கும். மே மாதத்தில் மின்விசிறியும் சேர்ந்து ஓட வேண்டியிருக்கும், அதன் இரைச்சல் மெல்லிய சங்கதிகளை மூடிவிடும்.

ஆம்ப்ளிஃபையரைவிடப் பல மடங்கு அதிகமாக ஒலியை மாற்றுவது கூடம். வழவழப்பான டைல்ஸ் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை மட்டும் உறிஞ்சி மீதியைத் திருப்பி அனுப்பும். டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி என்று இருக்கும் கூடத்தில் எந்த ஆம்ப்ளிஃபையரும் காரமாகத்தான் கேட்கும். ஸ்பீக்கருக்கும் கேட்பவருக்கும் இடையே தடித்த பவானி ஜமுக்காளம் ஒன்று, பக்கச் சுவரில் மடிப்புகளோடு கனத்த திரை, பின்சுவரில் புத்தக அலமாரி ஆகியவை உச்ச அதிர்வெண்களை அடக்கிவிடும். ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகே தள்ளினால் பாஸ் கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடிக் கடைசியில் குழையும். ஒரு சாண், இரண்டு சாண் என்று நகர்த்திக் கேட்டால் குரல் நிமிர்ந்து நிற்கும் இடம் தெரிந்துவிடும். ட்வீட்டர் காதை நேராகப் பார்க்காமல் சற்று விலகி இருந்தால் காரம் மேலும் தணியும். விரிப்பும் திரையும் போட்டு ஒரு வாரம் கேட்ட பிறகு ஆம்ப்ளிஃபையரை மாற்றும் எண்ணமே சிலருக்குப் போய்விடலாம்.

கடையில் இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருப்பது முதல் நிபந்தனை. அரை டெசிபல் உரத்து ஒலிப்பது உரப்பாகத் தோன்றாது, ‘நன்றாக இருக்கிறது’ என்றே தோன்றும். 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போனிலிருந்து ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, இரண்டு செட்டும் 2.00 வோல்ட் காட்டும்படி வால்யூமைச் சரிசெய்ய வேண்டும், 2.04-ஐத் தாண்டக் கூடாது. கேட்பவருக்கு எது ஓடுகிறது என்று தெரியாமல் வேறொருவர் மாற்றித் தர வேண்டும். கடையின் பளபளக்கும் டெமோவை விலக்கி, மனப்பாடமான பாடல்களையே போட வேண்டும். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ‘சிங்கார வேலனே’ இதற்கு நல்ல உரைகல்: எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றை ஒன்று துரத்தும்போது, காரமான செட் இரண்டையும் ஒரே கூர்மையில் கலந்துவிடும். நல்ல செட்டில் சீவாளியின் நெருப்பும் குரலின் ஈரமும் தனித்தனியே நிற்கும். அடுத்து டி.எம். சௌந்தரராஜன் கீழே இறங்கிப் பாடும் ஏதேனும் ஒரு பாட்டு. குரலில் நெஞ்சின் கனம் இருக்க வேண்டும், ஆனால் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஊதிப்போகக் கூடாது. அப்படி ஊதினால் அங்கே இதம் அளவு மீறிவிட்டது என்று பொருள். பாஸ் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி கேட்க வேண்டும். கடைசியாக இன்னொன்று: வீட்டில் வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்ள இசைவதைக் கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது. கடையின் கூடமும் வீட்டுக் கூடமும் ஒன்றல்ல.

அன்புடன்,
விருத்தாசலத்து இசை அன்பர் ஒருவர்